இரண்டு பேருக்கு நோய் வந்தது, ஒரு ஜீன் காணாமல் போனது

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் என்றொரு வட்டாரம். மின்கம்பியை வீட்டுக்குள் விடாத, கார் வாங்காத, குதிரை வண்டியிலேயே போய்வரும் ஆமிஷ் மக்கள் அங்கே வாழ்கிறார்கள். 1987-ல் வெளியான ஓர் ஆய்வில் அவர்களில் ஒரு குடும்பத்தின் கொடிவழி வரையப்பட்டிருந்தது. நோய் உள்ளவர்கள் ஒரு குறியில், இல்லாதவர்கள் இன்னொரு குறியில். "இல்லை" பக்கம் இருந்த இரண்டு பேருக்குக் கொஞ்ச காலத்தில் மனநிலை நோய் வந்துவிட்டது. அவர்களுக்கான குறியை மாற்றிப் போட்டுக் கணக்கை மறுபடி போட்டபோது, மனநிலை நோய்க்கான ஜீன் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது என்று அதற்குள் உலகெங்கும் பேசப்பட்டுவிட்ட கண்டுபிடிப்பு ஆட்டம் கண்டது.

இந்தப் பழங்கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. சோர்ந்துபோய் வரும் ஒருவருக்கு இருப்பது மனச்சோர்வு மட்டும்தானா, அல்லது சோர்வும் அதற்கு நேரெதிரான அளவுமீறிய கிளர்ச்சியும் மாறிமாறி வரும் இருமுனை நோய் என்கிற பைபோலாரின் முதல் பாதியா என்பதை மரபணுவைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று இன்று பலர் கேட்கிறார்கள். எச்சிலைக் குழாயில் பிடித்து அனுப்பினால் போதும் என்ற நம்பிக்கையும் பரவியிருக்கிறது. லங்காஸ்டரில் நடந்ததைத் தெரிந்துகொண்டால் இந்தக் கேள்வியின் சிக்கல் எங்கே இருக்கிறது என்று புரியும்.

பிரித்தறிவது ஏன் இவ்வளவு பாடு

முதலில் ஒரு சொல் தகராறு. தமிழில் "மன அழுத்தம்" என்ற ஒரே சொல்லை ஆபீஸ் டென்ஷனுக்கும் சொல்கிறோம், படுக்கையை விட்டு எழ முடியாத நோய்க்கும் சொல்கிறோம். நான் இங்கே பேசுவது இரண்டாவதை. அதை மனச்சோர்வு என்றே எழுதுகிறேன்.

இருமுனை நோய் உள்ள பலருக்கு முதலில் தலைகாட்டுவது மேனியா எனப்படும் அந்தக் கிளர்ச்சி இல்லை, சோர்வுதான். அந்தச் சோர்வு மற்றவர்களின் மனச்சோர்வு போலவே இருக்கும். தூக்கம் கெடும், பசி போகும், சாகலாமா என்று தோன்றும். மருத்துவர் எதிரே உட்கார்ந்திருக்கும் அந்த அரை மணி நேரத்தில் இரண்டையும் பிரிக்கும் அடையாளம் ஒன்றும் முகத்தில் எழுதியிருக்காது. ஆனால் மருந்து வேறு. இருமுனை நோயாளிக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு மேனியா கிளம்பிவிடும். அவர்களுக்கு லித்தியம் போன்ற மனநிலையை நிலைப்படுத்தும் மருந்து வேண்டும். 2000-ல் அமெரிக்காவில் இருமுனை நோயாளிகளிடமே எடுத்த ஒரு கணக்கெடுப்பில், 69 சதவீதம் பேர் தங்களுக்கு முதலில் வேறு நோயின் பெயர்தான் சொல்லப்பட்டது என்றார்கள். அந்த வேறு பெயர்களில் முதலிடம் மனச்சோர்வுக்கு. மூன்றில் ஒருவருக்கும் மேல், சரியான பெயர் கிடைக்க 10 ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள்.

ஆக, ரத்தத்தில் பார்த்து முதல் நாளே சொல்லிவிட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற ஆசையில் தப்பே இல்லை.

குதிரையை விரட்டுபவர்

ஜானிஸ் எகலேண்ட் சமூகவியல் பக்கத்திலிருந்து வந்தவர். ஆமிஷ் மக்களிடையே பல ஆண்டுகள் பழகி, வீட்டுத் திண்ணை வரை போகும் உரிமை பெற்றவர். அந்த மக்களிடம் ஆய்வாளர் ஒருவர் ஆசைப்படும் எல்லாமே இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறிய சிலரின் சந்ததிகள். பெரிய குடும்பங்கள். யார் யாருக்குப் பிறந்தவர் என்ற வம்சாவளி ஏடுகள் கையில் இருந்தன. குடியும் போதையும் அரிது என்பதால், இது நோயா குடியின் விளைவா என்று குழம்ப வேண்டியதில்லை. போதாததற்கு, சில குடும்பங்களில் இந்த நோய் வழிவழியாக வருகிறது என்று அவர்களே சொல்லிவந்தார்கள். அவர்களின் பென்சில்வேனிய ஜெர்மன் மொழியில் அதற்கு ஒரு வாசகம் உண்டு: "சிஸ் இம் ப்ளூட்". ரத்தத்திலேயே இருக்கு என்று நம் வீடுகளில் சொல்வோமே, அச்சு அசலாக அதுதான்.

அதற்கு ஆதாரமும் இருந்தது. 1880 முதல் 1980 வரை நூறு ஆண்டுகளில் அந்தச் சமூகத்தில் நடந்த தற்கொலைகள் 26. அவற்றில் 24 பேருக்குத் தீவிர மனநிலை நோய் இருந்திருக்கிறது. ஏறத்தாழ முக்கால்வாசித் தற்கொலைகள் நான்கே நான்கு கொடிவழிகளுக்குள் நடந்தவை. 1985-ல் எகலேண்ட் இதை வெளியிட்டார்.

எனக்கு இந்த ஆய்வு முழுவதிலும் பிடித்த இடம் ஜீன் பற்றியதே இல்லை. மேனியாவை அந்த ஊரில் எப்படிக் கண்டுபிடிப்பது என்ற இடம். மேனியா என்றால் பாடப்புத்தகம் சொல்லும் அடையாளங்கள் நமக்குத் தெரியும்: கண்டபடி செலவு, ஓயாத பேச்சு, அளவுமீறிய துணிச்சல். ஆமிஷ் விவசாயி ஒருவர் கிரெடிட் கார்டைத் தேய்த்துத் தீர்க்கப் போவதில்லை. அவர் என்ன செய்வார்? வண்டிக் குதிரையை வெறிகொண்டு விரட்டுவார். கால்நடைகளை முரட்டுத்தனமாக நடத்துவார். பொதுத் தொலைபேசியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். சபை ஒப்பாத எந்திரத்தை வாங்கிவருவார். அறுவடைக் காலத்தில் ஊர்சுற்றப் போகத் திட்டம் போடுவார். மணமான பெண்ணிடம் சிரித்துப் பேசுவார். வெளியாள் பார்த்தால் இதில் ஒன்றும் தெரியாது. அந்த ஊர்க்காரருக்குத் தெரியும், மனிதர் தன் நிலையில் இல்லை என்று.

எகலேண்டின் குழு பழைய மருத்துவமனைப் பதிவுகளைப் புரட்டியபோது, முதல் வகை (தீவிர மேனியா வரும்) இருமுனை நோய் என்று தாங்கள் முடிவுசெய்த 28 பேரில் 22 பேருக்கு முன்பு எழுதப்பட்டிருந்த நோய் மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா. 79 சதவீதம்! வெளியே இருந்து பார்த்த மருத்துவர்கள் அந்த மனிதர்களின் இயல்பு எது, பிறழ்வு எது என்று அறியாமலே பெயர் வைத்திருக்கிறார்கள்.

பதினோராம் குரோமோசோம்

1987 பிப்ரவரியில் நேச்சர் அறிவியல் இதழில் அந்த ஆய்வுக் கட்டுரை வந்தது. எகலேண்டுடன் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டேவிட் ஹவுஸ்மன், யேல் பல்கலைக்கழகத்தின் கென்னத் கிட் போன்ற மரபியல்காரர்களும் சேர்ந்திருந்தார்கள். 81 பேர் கொண்ட ஒரு கிளை. அவர்களில் 19 பேருக்கு மனநிலை நோய்.

அவர்கள் செய்த கணக்கு எளிமையானதுதான். டி.என்.ஏ.வில் ஆளுக்கு ஆள் மாறுபடும் சில அடையாளங்கள் உண்டு. ஒரு குடும்பத்தில் நோய் வந்தவர்களிடம் எல்லாம் ஒரே அடையாளம் திரும்பத் திரும்ப வந்து, நோய் வராதவர்களிடம் அது இல்லாமல் போனால், நோய்க்குக் காரணமான ஜீன் அந்த அடையாளத்தின் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறது என்று பொருள். இது தற்செயலா இல்லையா என்பதை லாட் மதிப்பெண் என்ற ஒன்றால் அளப்பார்கள். 3 வந்தால் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவு சாதகம். அதுவே அக்காலத்தில் "கண்டுபிடித்தாயிற்று" என்று சொல்வதற்கான கோடு. லங்காஸ்டர் குடும்பத்தில் மதிப்பெண் 4-ஐத் தாண்டியது. இடம், 11-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையின் நுனி. இன்சுலின் ஜீனும், ஹெச்-ராஸ் என்ற ஜீனும் இருக்கும் பகுதி. மூளையில் செய்தி கடத்தும் டோபமைனைத் தயாரிக்க உடல் பயன்படுத்தும் நொதியின் ஜீனும் அங்கேயே ஒட்டி இருக்கிறது. யாருக்குத்தான் ஆசை வராது?

அந்தக் கணக்கில் ஒரு முடிவு ஒளிந்திருந்தது. கொடிவழியில் இருமுனை நோயாளிகள் மட்டும் "நோய் உள்ளவர்" ஆகவில்லை. வெறும் மனச்சோர்வு வந்த உறவினர்களும் அதே கூடையில் போடப்பட்டார்கள். இந்தக் குடும்பத்தில் இரண்டுமே ஒரே ஜீனின் இரண்டு முகங்கள் என்ற அனுமானம் அது. நாம் இன்று பிரிக்க நினைப்பதை அவர்கள் அன்று சேர்த்துக்கொண்டுதான் தொடங்கினார்கள்.

அதே இதழில் வேறு இரண்டு கட்டுரைகளும் வந்தன. ஐஸ்லாந்துக் குடும்பங்களிலும், வட அமெரிக்காவின் வேறு குடும்பங்களிலும் தேடியவர்களுக்கு 11-ஆம் குரோமோசோமில் ஒன்றும் தட்டுப்படவில்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறு குடும்பம், வேறு ஜீன் என்று ஒதுக்கிவிட முடிந்தது. ஒதுக்க முடியாத எதிர்ச்சாட்சி அதே குடும்பத்துக்குள்ளிருந்து வந்தது.

1989

அந்தக் குடும்பத்தாரின் ரத்தத்திலிருந்து வளர்த்த செல்கள் நியூ ஜெர்சி மாநிலத்துக் கேம்டனில் உள்ள கோரியல் நிறுவனத்தின் செல் வங்கியில் வைக்கப்பட்டிருந்தன. வேறு ஆய்வாளர்களும் வாங்கிச் சோதிக்கலாம். கைவசம் உள்ளதைப் பூட்டி வைக்கும் பழக்கம் இருந்திருந்தால் இந்தத் தவறு இன்னும் எத்தனை காலம் வாழ்ந்திருக்குமோ.

1989 நவம்பரில் ஜான் கெல்சோவை முதல் ஆசிரியராகக் கொண்ட மறு ஆய்வு, அதே நேச்சர் இதழில் வந்தது. எகலேண்டும் அதில் கையெழுத்திட்டிருக்கிறார். தன் கண்டுபிடிப்பைத் தானே உடைத்த கட்டுரையில் பெயர் போட எல்லோருக்கும் மனம் வராது. ஆரம்பத்தில் சொன்ன இரண்டு பேரின் நிலை மாறியிருந்தது. புதிதாகச் சில உறவினர்களும் சேர்க்கப்பட்டார்கள். லாட் மதிப்பெண் சரசரவென்று இறங்கியது. கொடிவழியின் பக்கவாட்டுக் கிளை ஒன்றைப் பெரிதாக விரித்து எடுத்துச் சோதித்தபோது, அந்த இடத்தில் ஜீன் இல்லை என்றே சொல்லும்படி ஆயிற்று.

81 பேர் உள்ள கணக்கை இரண்டு பேர் எப்படிக் கவிழ்ப்பார்கள்? அடையாளம் இருந்தும் நோய் வராதவரைக் கணக்கு தாங்கிக்கொள்ளும். ஜீன் இருக்கும் எல்லோருக்கும் நோய் வராது, பத்தில் ஆறு பேருக்குத்தான் வரும் என்று 1987 கட்டுரையே மதிப்பிட்டிருந்தது. ஆனால் அடையாளமே இல்லாதவருக்கு நோய் வந்துவிட்டால் விளக்கம் சொல்ல வழியில்லை. "நோய் இல்லாதவர்" என்று எழுதியது உண்மையில் "இன்றுவரை நோய் வராதவர்" என்பதுதான். அந்த "இன்றுவரை" என்ற சொல்லைக் கணக்கு போதிய அளவு மதிக்கவில்லை.

இந்த வழக்கில் எனக்குப் படுவது இதுவே. மனச்சோர்வா இருமுனையா என்ற கேள்விக்கும் பாதி விடை காலத்தின் கையில் இருக்கிறது. மனச்சோர்வு என்று இன்று எழுதப்படும் ஒவ்வொரு சீட்டிலும் "இன்றுவரை மேனியா வரவில்லை" என்ற வரி கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. அந்தச் சீட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஜீனைத் தேடினால், அடுக்கில் கலந்திருக்கும் நாளைய இருமுனை நோயாளிகளையும் சேர்த்தே தேடுகிறோம்.

இதே காலத்தில் ஜெருசலேமில் இருமுனை நோய்க்கு எக்ஸ் குரோமோசோமில் ஒரு தடம் கிடைத்ததாகவும் 1987-ல் செய்தி வந்தது. 1993-ல் அதே ஆய்வாளர்கள் அதன் வலு குறைந்துவிட்டது என்று எழுதினார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எச்சில் குழாய்

1989-ல் கணக்கை உடைத்த கெல்சோவே பிறகு இருமுனை நோய்க்கு மரபணுச் சோதனையை விற்பனைக்குக் கொண்டுவந்தார் என்பது இந்தக் கதையின் வேடிக்கையான திருப்பம். சான் டியேகோவில் அவர் தொடங்கிய சைனோமிக்ஸ் நிறுவனம் 2008-ல் 399 டாலருக்கு எச்சில் சோதனை விற்றது. ஜி.ஆர்.கே.3 என்ற ஜீனின் சில மாறுபாடுகளைப் பார்த்து, நோய்க்குறி ஏற்கெனவே உள்ளவர்களுக்கு மருத்துவர் பெயர் வைக்க உதவும் என்று முன்வைக்கப்பட்டது. சக ஆய்வாளர்கள் பலர் அவசரப்பட்டுவிட்டார் என்றார்கள். ஒரே ஜீனை நம்பும் காலம் முடிந்துகொண்டிருந்த வேளை அது.

பிறகு வந்தது கூட்டம் சேர்க்கும் காலம். குடும்பங்களை விட்டுவிட்டு, ஒருவருக்கொருவர் உறவில்லாத ஆயிரக்கணக்கானோரின் மரபணுத் தொகுதியை ஒரே நேரத்தில் அலசினார்கள். 2021-ல் இருமுனை நோயோடு தொடர்புள்ளதாக மரபணுத் தொகுதியில் 64 இடங்கள். 2025-ல் 1,58,000 நோயாளிகளையும் 28 லட்சம் ஒப்பீட்டு நபர்களையும் வைத்து 298 இடங்கள். மனச்சோர்வுக்கு அதே ஆண்டில் 29 நாடுகளின் 6,88,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடமிருந்து 697 மாறுபாடுகள். ஒவ்வொன்றும் துளி விளைவு. எல்லாத் துளிகளையும் கூட்டினால் ஒருவருக்கு ஒரு மதிப்பெண் கிடைக்கும்.

இரண்டு நோய்களின் மரபணுச் சாயலை ஒப்பிட்டால் தெரிவது இன்னும் சுவையானது. 2019-ல் வந்த ஓர் ஆய்வில், தீவிர மேனியா வரும் முதல் வகை இருமுனை நோய்க்கும் மனச்சிதைவுக்கும் உள்ள மரபணு ஒற்றுமை 0.71. (1 என்றால் முழு ஒற்றுமை.) மேனியா லேசாக வந்து சோர்வே ஓங்கியிருக்கும் இரண்டாம் வகைக்கும் மனச்சோர்வுக்கும் 0.69. லங்காஸ்டரில் முதல் வகைக்காரர்களுக்கு மனச்சிதைவு என்று எழுதினார்களே, அந்தப் பிழையில்கூட உள்ளே ஏதோ ஒரு உறவின் நிழல் இருந்திருக்கிறது.

ஆனால் நம் தேவைக்கு இது கெட்ட செய்தி. முதல் வகையைப் பிரித்தறிய ஜீன் ஓரளவு தோள் கொடுக்கும். ஒருமுறை முழு மேனியா வந்துவிட்டால் அதை வீட்டுக்காரர்களே சொல்லிவிடுவார்கள், ஜீன் தேவையில்லை. இரண்டாம் வகையில்தான் மருத்துவர் உண்மையாகவே திணறுகிறார். அங்கேதான் மரபணுவும் இரண்டையும் ஒன்றுபோலக் காட்டுகிறது. தண்ணீர் தேவைப்படும் இடத்தில் கிணறு வற்றியிருக்கிறது.

டென்மார்க் போட்ட கணக்கு

நேரடியான சோதனை ஒன்று 2020-ல் டென்மார்க்கில் நடந்தது. அங்கே ஒவ்வொருவருடைய மருத்துவப் பதிவும் பிறப்பிலிருந்து தொடர்ந்து வரும். மனச்சோர்வு என்று பெயர் வாங்கிய, 10 முதல் 35 வயதுக்குட்பட்ட 16,949 பேரைப் பின்தொடர்ந்து, யாருடைய சீட்டு பிறகு இருமுனை நோய் என்று மாறியது என்று பார்த்தார்கள். காலத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்பதால் இதற்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று மேல் (7.3 சதவீதம்) இருமுனை நோய்க்கு மாறினார்கள். இருமுனை நோய்க்கான மரபணு மதிப்பெண் ஒரு படி உயர்ந்தால் மாறும் வேகம் 11 சதவீதம் கூடியது. கூட்டத்தில் வெகு சிலருக்கே வரும் அளவுக்கு இரண்டு படி உயர்ந்த மதிப்பெண் உள்ளவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம்: நூறில் ஏழு என்பது அவருக்கு ஒன்பது ஆகிறது, அவ்வளவுதான். அதை வைத்து எந்த மருத்துவர் மாத்திரையை மாற்றுவார்?

அதே ஆய்வில், தாய்க்கோ தந்தைக்கோ இருமுனை நோய் இருந்தவர்கள் மாறும் வேகம் ஐந்து மடங்கு. மரபணு மதிப்பெண்ணைக் கழித்துவிட்ட பிறகும் ஐந்து மடங்கு. லட்சக்கணக்கானோரின் டி.என்.ஏ. சொல்லாததை "உங்க அம்மாவுக்கு இப்படி வந்திருக்கா?" என்ற ஒரு கேள்வி சொல்லிவிடுகிறது.

இதில் ஆச்சரியப்பட அதிகமில்லை. இரண்டு நோயையும் தனித்தனியே பிரித்ததே குடும்ப விவரம்தான். 1899-ல் ஜெர்மனியின் மனநல மருத்துவர் கிரெப்பலின் எல்லாவற்றையும் ஒரே பெயரில் போட்டார். 1966-ல் ஸ்விட்சர்லாந்தின் ஆங்ஸ்ட், ஸ்வீடனின் பெரிஸ் இருவரும் தனித்தனியே நோயாளிகளின் உறவினர்களை எண்ணிப் பார்த்தார்கள். இருமுனை நோயாளியின் சொந்தங்களில் இரண்டு விதமும் இருந்தன. மனச்சோர்வு மட்டும் உள்ளவரின் சொந்தங்களில் பெரும்பாலும் மனச்சோர்வுதான். இரட்டையர்களை வைத்து 2003-ல் பிரிட்டனில் போட்ட கணக்கில், மேனியாவின் மரபுவழிப் பங்கில் 71 சதவீதம் மனச்சோர்வோடு சேராமல் தனித்து நிற்பதாகத் தெரிந்தது. ஆக, ரத்தத்தில் வேறுபாடு இருக்கிறது. அதை இன்றைய மதிப்பெண் பிடிக்கவில்லை.

நம்மைப் பொறுத்தவரை இன்னொரு தடையும் உண்டு. இந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தவரிடம் எடுத்த தரவிலிருந்து பிறந்தவை. வேறு வம்சத்தவரிடம் போட்டால் துல்லியம் இறங்கும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில், பலருக்கு மனநோய் உள்ள இந்தியக் குடும்பங்களைச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் திட்டம் நடக்கிறது. நமக்கான விடை அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும். இப்போதைக்கு, இணையத்தில் விற்கும் டி.என்.ஏ. அறிக்கையில் "இருமுனை நோய் அபாயம்" என்ற பட்டையைப் பார்த்து யாரும் மாத்திரையை நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம்.

அதே குடும்பம், பிறகு

லங்காஸ்டர் குடும்பத்தை எகலேண்ட் விடவில்லை. பெற்றோருக்கு இருமுனை நோய் உள்ள ஆமிஷ் பிள்ளைகளை, அவர்கள் நன்றாக இருக்கும்போதே பார்க்கத் தொடங்கி, 16 ஆண்டுகள் பின்தொடர்ந்த முடிவுகள் 2012-ல் வந்தன. "இன்றுவரை" என்ற சொல்லை இம்முறை அவர் மறக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். 2014-ல் அந்தக் கொடிவழியின் 50 பேரின் முழு மரபணுத் தொகுதியையும் எழுத்துக்கு எழுத்து படித்துப் பார்த்தார்கள். ஒரே ஊர், ஒரே வம்சம். அங்கேயும் எல்லோருடைய நோயையும் விளக்கும் ஒரே ஜீன் அகப்படவில்லை.

நம் ஊர் மனநலப் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். "குடும்பத்துல யாருக்காவது மனநோய் இருந்துச்சாம்மா?" என்று கேட்டால், "அப்படியெல்லாம் எங்க பக்கம் யாரும் இல்லீங்க டாக்டர்" என்ற பதில் கேள்வி முடியுமுன் வந்துவிடும். பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்தால் இன்னும் வேகமாக வரும். ஆமிஷ் ஊரில் குதிரையை விரட்டியவரைப் பற்றிக் கேட்டது போலக் கேட்க வேண்டும். ராத்திரியெல்லாம் தூங்காமல் வீட்டுக்கு வெள்ளையடித்தவர் யாராவது உண்டா? ஒரே வாரத்தில் காட்டை விற்றுக் கடை போட்டு, அடுத்த மாதம் கடையையும் மூடிவிட்டுப் போர்த்திப் படுத்தவர்? ஊருக்கே விருந்து வைக்கிறேன் என்று கடன் வாங்கியவர்?

கொஞ்ச நேரம் பேச்சிருக்காது. பிறகு கூட வந்த பாட்டி மெதுவாக ஆரம்பிப்பார்: "இவங்க அப்பாவோட சித்தப்பா ஒருத்தர் இருந்தாரு..."